பட்டறையில் நிற்கும் பழைய கார்: ஆர்சி வேலைகளில் எது முன், எது பின்?

2025 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இருபது வயது கடந்த வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை இரட்டிப்பாக்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், வயதான வண்டிகளுக்கு பெட்ரோல் போடக்கூடாது என்று டெல்லியில் ஓர் உத்தரவு வந்து, வந்த வேகத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் ஆரணியிலும் தார்ப்பாய் போர்த்திய பத்மினியோ அம்பாசிடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருப்பவர்கள் கேட்பது இதுதான்: இனி இந்தக் காரைச் சரிசெய்து ஓட்ட முடியுமா, இல்லை எடைக்குப் போட வேண்டியதுதானா?

முடியும். ஆனால் காகித வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் முடியும். பெரும்பாலோர் முதலில் காரைப் பிரித்துவிட்டு, பெயிண்ட் காய்ந்த பிறகு ஆர்சி எனும் பதிவுச் சான்றுப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். செலவு எகிறுவது அங்கேதான்.

டெல்லி விதி வேலூருக்கு இல்லை

பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டி, பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்பது டெல்லிக்கும் அதைச் சுற்றிய தேசியத் தலைநகர்ப் பகுதிக்கும் மட்டும் உரிய தடை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தொடங்கிவைத்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு வயது வரம்பு தனியார் கார்களுக்கு இல்லை. இங்கே பொருந்துவது 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 41-ஆம் பிரிவுப்படி சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். பிறகு ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். எத்தனை முறை என்று சட்டம் எண்ணிக்கை வைக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அரசுத் துறைகளுக்குச் சொந்தமான வண்டிகளின் பதிவு பதினைந்து ஆண்டோடு முடிந்துவிடும், புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. ஏலத்தில் எடுத்தது என்று சொல்லி யாராவது அரசு ஜீப்பையோ அம்பாசிடரையோ காட்டினால், அது எந்த ஆண்டு ஏலம், ஏலத்தில் எடுத்தவர் பெயருக்கு ஃபார்ம் 32 மூலம் மாறியதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஓடாத காரின் சட்ட நிலை

பதிவுக்குள் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று, இந்த சேசிஸ் (காரின் அடிச்சட்டகம்) எண்ணும் இந்த இன்ஜின் எண்ணும் கொண்ட வண்டி இன்னார் பெயரில் இருக்கிறது என்ற அரசுக் குறிப்பு. மற்றொன்று, அந்த வண்டி பொதுச் சாலையில் ஓடலாம் என்ற அனுமதி. கெடு முடிந்தால் அனுமதிதான் போகிறது. 55-ஆம் பிரிவின்கீழ் யாராவது பதிவை ரத்து செய்தால் ஒழிய, குறிப்பு அப்படியே நிற்கும். இரண்டும் வேறு வேறு என்பது புரிந்துவிட்டால் மீதிக் குழப்பத்தில் பாதி தீரும்.

39-ஆம் பிரிவு தடுப்பது பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை. தோப்பிலோ, பூட்டிய பட்டறைக்குள்ளோ ஜாக்கியில் நிற்கும் கார் அதில் வராது. அதற்கு இன்சூரன்ஸும் கட்டாயமில்லை. லாரியின் மேல் ஏற்றிக்கட்டி எடுத்துப் போனால் அது சரக்கு. ஆனால் பட்டறை வாசலுக்கு வெளியே தெருவில் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது குற்றம். கிராமத்துத் தெருவும் பொது இடம்தான். 192-ஆம் பிரிவில் முதல் முறைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 196-ஆம் பிரிவில் 2,000 ரூபாயோ மூன்று மாதம் வரை சிறையோ தனி. அந்த ஒரு சுற்றில் யார் மீதாவது மோதிவிட்டால் இந்தத் தொகைகள் ஒன்றுமே இல்லை: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. காரை விற்றுவிட்டு பெயர் மாற்றாமல் விட்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பதிவு காலாவதியானதை அப்படியே விட்டுவைப்பதும் நல்லதல்ல. 2021-இன் வாகனக் கழிப்பு விதிகள், செல்லுபடியாகும் பதிவு இல்லாத வண்டியையும் ஆயுள் முடிந்த வாகனம் என்ற வரையறைக்குள் வைக்கின்றன. இதற்காக யாரும் வீட்டுக் கொட்டகைக்குள் வந்துவிடப் போவதில்லை. அந்தத் திட்டமே தன்னார்வத் திட்டம் என்ற பெயரில்தான் அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நம் கார் எந்தப் பட்டியலில் நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கார் அசையாமலே முடிக்கக்கூடியவை

இன்ஜின் தரையில் கிடக்கும்போதே, காகிதத்தில் இவ்வளவும் செய்யலாம்.

1. பதிவேட்டு நகல். ஆர்டிஓ எனும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், அவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டின் (பி ரெஜிஸ்டர்) நகல் கேட்பது முதல் வேலை. கையில் ஆர்சி புத்தகம் இருந்தாலும் கேட்க வேண்டும். உரிமையாளர் பெயர், சேசிஸ் எண், இன்ஜின் எண், நிறம், வரி, கடன் பதிவு எல்லாம் அதில் தெரியும். புத்தகத்துக்கும் பதிவேட்டுக்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

2. தொலைந்த ஆர்சி. காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான பதிவைச் செய்து, ஃபார்ம் 26-இல் நகல் ஆர்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

3. உரிமையாளர் இறந்திருந்தால். இறந்த முப்பது நாளுக்குள் வாரிசு தகவல் தர வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 31 கொடுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அப்பா போய் இருபது ஆண்டு கழித்துத்தான் பிள்ளைகளுக்குக் காரின் நினைவு வருகிறது. தாமதத்துக்கு உரியதைக் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்; இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் மூன்றும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் கையெழுத்துக்காக நிற்கும் கார்கள் நிறைய.

4. கை மாறிய கார். விற்றவர் ஃபார்ம் 29, வாங்கியவர் ஃபார்ம் 30. முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்தே மூன்று கை மாறியிருந்தால், நடுவில் இருப்பவர்களின் எழுத்து ஆர்டிஓவுக்கு எதுவுமில்லை; பதிவேட்டில் இருப்பவரின் கையெழுத்துதான் கணக்கு. அவர் உயிரோடு இல்லையென்றால், அவருடைய வாரிசுகள் ஃபார்ம் 31 வழியாக முதலில் தங்கள் பெயருக்கு மாற்றி, பிறகு விற்க வேண்டும். கார் வாங்கும் முன் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்துவிடுவது பாதி வேலை முடிந்த மாதிரி. ஃபார்ம் 30-உடன் இன்சூரன்ஸ் சான்றும் இணைக்க வேண்டும் என்பதால், கார் ஓடாவிட்டாலும் இந்தக் கட்டத்தில் மூன்றாம் நபர் பாலிசி (விபத்தில் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) எடுக்க வேண்டியிருக்கும். 2022-இல் அறிவித்த விகிதப்படி ஆண்டுக்கு 1,000 சிசி வரை 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். 948 சிசி ஹெரால்டு முதல் வகை. 1,089 சிசி பத்மினியும் 1,489 சிசி அம்பாசிடரும் இரண்டாவது.

5. பழைய கடன் பதிவு. கடன் எப்போதோ தீர்ந்திருக்கும், பதிவேட்டில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். ஃபார்ம் 35-இல் கடன் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். வங்கியே இன்று இல்லையென்றால் அதை இணைத்துக்கொண்ட வங்கியைக் கேட்க வேண்டும்: 2020-இல் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் இணைந்தன. மூடிப்போன உள்ளூர் ஃபைனான்ஸ் என்றால் சிக்கல் பெரிது. அந்தக் காரை வாங்கும் முன்பே இரண்டு முறை யோசிப்பது நல்லது.

6. வரி. ஆயுள் வரி கட்டியதா, பழைய முறையில் ஆண்டு வரி நிலுவை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பசுமை வரி புதுப்பிக்கும்போது சேரும்.

எந்த ஆர்டிஓ? வட ஆற்காட்டுக்கே உரிய தலைவலி

இன்றைய நான்கு மாவட்டங்கள் ஒரு காலத்தில் ஒரே வட ஆற்காடு. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 1989-க்கு முன் பதிவான காரில் டிஎன் 23 என்று இருக்காது. மூன்று எழுத்தும் நான்குக்கு மிகாத இலக்கமும் கொண்ட பழைய எண்தான் இருக்கும். அந்த எண்ணை மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் தட்டினால் பல நேரம் ஒன்றும் வராது. அதனால் கார் பதிவில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கைப்பட எழுதிய பேரேட்டிலிருந்து கணினிக்கு ஏறவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பேரேட்டைக் காட்டி, பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இது ஏறாமல் அடுத்த எந்த இணையவழி விண்ணப்பமும் நகராது.

ஆர்சியில் ஆரணி முகவரி இருந்தால் இன்றைக்கு அது டிஎன் 97. வாலாஜா என்றால் டிஎன் 73 ராணிப்பேட்டை. வாணியம்பாடி என்றால் டிஎன் 83. கார் நிற்பதோ காட்பாடியில், டிஎன் 23-இன் எல்லைக்குள். பதிவேடு எங்கே இருக்கிறது என்பதையும், இப்போது எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் விடை ஒரே அலுவலகமாக இருக்கத் தேவையில்லை. ஃபார்ம் 33 முகவரி மாற்றத்துக்கானது.

சித்தூர் பக்கமிருந்து வந்த கார் வேறு கதை. 1911 வரை சித்தூரே வட ஆற்காட்டின் தலைநகராக இருந்தது. இன்றும் வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் ஏபி 03 எண்ணுள்ள கார் வேறு மாநிலத்துக் கார். அங்கிருந்து ஃபார்ம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஃபார்ம் 27-இல் புதிய எண்ணுக்கு விண்ணப்பித்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தாலே 47-ஆம் பிரிவு பொருந்தும். வைத்திருப்பதுதான் அளவுகோல், ஓடாமல் நின்றது என்பது பதில் ஆகாது. பெங்களூரிலிருந்து வரும் கார்களுக்கும் இதே வழி. தடையில்லாச் சான்று வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று பேசி முடித்து, அது கைக்கு வரும்வரை பாக்கித் தொகையை நிறுத்திவைப்பதே புத்திசாலித்தனம்.

டிங்கரிங் தொடங்கும் முன்: சேசிஸ் எண்

ஃபார்ம்கள் பலவற்றில் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரதி ஒட்ட ஓர் இடம் இருக்கும். தகட்டில் குத்திய எண்ணின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்தெடுப்பது. அற்பமாகத் தெரியும் இந்தத் தாள்தான் காரை அதன் பதிவோடு கட்டிவைத்திருக்கும் ஒரே கயிறு.

ஐம்பது ஆண்டுத் துருவில் அந்த எண் ஏற்கெனவே மங்கியிருக்கும். பட்டறையில் கிரைண்டர் வைத்துத் தேய்த்தால், மணல் பீய்ச்சித் துரு எடுத்தால், துரு தின்ற பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தால், எண் போயே போய்விடும். பட்டறைக்காரருக்கு அது ஓர் ஓட்டைத் தகடு. ஆய்வாளருக்கு அது திருட்டுக் காரின் அறிகுறி. மறுபடி குத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கூடாது; அலுவலக அனுமதியின்றி எண்ணைக் குத்துவது போலி ஆவணம் தயாரிப்பதற்குச் சமமாகப் பார்க்கப்படும்.

ஆகவே காரைப் பட்டறையில் விடும் முன்:

1. சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டுக்கும் பென்சில் பிரதி பல எடுத்து, தேதி போட்டு வைக்க வேண்டும்.

2. எண் இருக்கும் இடம் காரில் எங்கே என்று தெரியும்படி தூரத்திலிருந்தும், எழுத்து தெரியும்படி நெருக்கத்திலிருந்தும் படம் எடுக்க வேண்டும். தயாரிப்பாளரின் தகடு ஒட்டியிருந்தால் அதையும்.

3. அந்தப் பகுதியை டேப் ஒட்டி மறைத்து, கிரைண்டர் படக்கூடாது என்று பட்டறைக்காரரிடம் எழுதியே கொடுத்துவிடலாம்.

4. எண் இருக்கும் தகடே உளுத்திருந்தால், வெட்டும் முன் ஆர்டிஓவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். பிறகு விளக்குவது எடுபடாது.

ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு. உடலைக் கழற்றினாலும் சேசிஸ் தனியே நிற்கும். அம்பாசிடரில் உடலும் சேசிஸும் ஒன்று. ஆகவே இரண்டு அம்பாசிடர்களை வெட்டி ஒன்றாக்கும் வேலை, பட்டறைக்கு எளிதாக இருக்கலாம், பதிவுக்குப் பெரும் சிக்கல்.

இன்ஜினும் நிறமும்

அசல் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்த அம்பாசிடர்கள் நம் பக்கம் ஏராளம். அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வேறுபடும் மாற்றத்தைத் தடுக்கிறது. அனுமதி பெற்றுச் செய்வதைப் பதினான்கு நாளில் தெரிவிக்கச் சொல்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அதே வகை இன்ஜினையே வேறொரு காரிலிருந்து வாங்கிப் போட்டாலும் எண் மாறுகிறது, ஆகவே அதற்கும் அனுமதி வேண்டும். அந்த இன்ஜினுக்கு ரசீது வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கினால் ரசீதில் இன்ஜின் எண்ணை எழுதி வாங்குங்கள். இயலுமானால் பழைய இன்ஜின் பிளாக்கையே மறுபடி சிலிண்டர் கடைந்து சரிசெய்வது காகிதக் கண்ணில் மிக மலிவானது.

நிறமும் ஆர்சியில் ஒரு பத்தி. வெள்ளை அம்பாசிடரைச் சிவப்பாக்கினால் அதையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

புதுப்பித்தலும் அதன் கணக்கும்

கார் ஓடியே தீரவேண்டிய கட்டம் இதுதான். ஃபார்ம் 25 கொடுத்ததும் மோட்டார் வாகன ஆய்வாளர் காரை நேரில் பார்ப்பார்: எண்கள், பிரேக், விளக்குகள், ஹாரன், ஸ்டீயரிங். நடப்பு இன்சூரன்ஸ் வேண்டும். புகைச் சான்றும் வேண்டும். பாரத் ஸ்டேஜ் தரங்களுக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் (கார் நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது. கார்புரேட்டர் சரியாக டியூன் ஆன கார் இதில் தேறிவிடும். பதிவு முடிந்த கார் என்பதால் ஆய்வு இடத்துக்கும் லாரியில் ஏற்றியே கொண்டுபோவது பாதுகாப்பு.

இருபது ஆண்டு கடந்த உள்நாட்டுக் காருக்கு இப்போது கட்டணம் 10,000 ரூபாய். பதினைந்து முதல் இருபது வரை 5,000. இறக்குமதிக் கார் என்றால் இருபதுக்கு மேல் 80,000. ஜிஎஸ்டி தனி. கெடு தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் காருக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று விதியில் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்பதால் மொத்த பட்ஜெட்டையே அது மாற்றிவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு: கார் இன்னும் தட்டுத்தடுமாறியாவது ஓடுகிறது, பதிவு முடிய சில வாரம்தான் இருக்கிறது என்றால், பிரிக்காதீர்கள். கெடுவுக்கு அறுபது நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பிரேக்கையும் விளக்கையும் மட்டும் சரிசெய்து, ஆய்வில் காட்டிப் புதுப்பித்துவிட்டுப் பிறகு பிரித்தால், நிதானமாக வேலை பார்க்க ஐந்து ஆண்டு கிடைக்கும். அழகு பார்த்து ஆய்வாளர் மதிப்பெண் போடுவதில்லை.

விண்டேஜ் பதிவு யாருக்கு?

முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த சொந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதிகள் வந்தன. பரிவாகன் தளத்தில் ஃபார்ம் 20 கொடுக்க வேண்டும். மாநிலக் குழு வண்டியை ஆய்வு செய்யும். அறுபது நாளில் சான்று. ஏற்கெனவே பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக எண் பெறும் காருக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து விஏ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. மூன்றாம் நபர் பிரீமியத்தில் விண்டேஜ் காருக்குப் பாதித் தள்ளுபடியும் உண்டு.

நிபந்தனைகள் இரண்டு. சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது. டீசல் இன்ஜின் ஏறிய அம்பாசிடர் இங்கே தோற்கும். அடுத்து, கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட முடியாது.

கணக்கைப் பாருங்கள். சாதாரணப் பதிவை இரண்டு முறை புதுப்பித்தால் பத்து ஆண்டுக்கு 20,000, பசுமை வரி தனி. விண்டேஜின் முதல் பத்து ஆண்டுக்கும் அதே 20,000. பெயருக்கு ஒரு பெருமை தவிர, குடும்பத்தோடு அணைக்கட்டுக்கோ ஏலகிரிக்கோ போய்வர நினைப்பவருக்கு விண்டேஜால் ஆதாயம் இல்லை. சாதாரணப் பதிவே மேல். ஆர்சியே இல்லாத, ஆனால் அசல் மாறாத இறக்குமதிக் கார் கிடைத்தவருக்கும், முதல் பத்து ஆண்டைத் தாண்டியும் பேரணிக்கு மட்டும் வைத்திருக்க நினைப்பவருக்கும் அது பயன்படும். ஹெரால்டுகள் ஏற்கெனவே ஐம்பதைத் தாண்டிவிட்டன; முதல் பத்மினிகள் அண்மையில்தான் ஐம்பதைத் தொட்டிருக்கின்றன.

வேலையைக் கைவிடுவதானால்

பணமோ பாகமோ கிடைக்காமல் நிறுத்த நேர்ந்தால், உதிரியாக விற்றுவிட்டு ஆர்சியை அலமாரியில் போட்டுவைக்கக் கூடாது. அந்தப் புத்தகமும் எண்ணும் வேறு காரின் மேல் ஏறிவிடலாம்; பதிவேட்டில் நிற்பது உங்கள் பெயர். நிரந்தரமாகப் பயன்படாத நிலையை அடைந்த வண்டியைப் பதினான்கு நாளுக்குள் தெரிவித்து, ஆர்சியை ஒப்படைத்து 55-ஆம் பிரிவில் ரத்து செய்ய வேண்டும். பதிவுபெற்ற கழிப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்று தருவார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் தரும் துண்டுச்சீட்டு அதற்கு மாற்று ஆகாது. முழுக் காராக, பழைய காரைச் சரிசெய்ய விரும்பும் வேறொருவருக்கு விற்பதானால் ரத்து செய்யவே கூடாது. ஃபார்ம் 29, 30 போட்டு, பென்சில் பிரதிகளையும் படங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.